காத்தாடி பாக்கப் போன கதை

கல்யாண நாள் பதிவுன்னதும் கேக்கு, போட்டோ, "லவ் யூ செல்லம்" எல்லாம் இருக்கும்னு நெனச்சு வந்திருந்தீங்கன்னா மன்னிச்சுக்கோங்க மக்களே. இது காத்தாடி பதிவு.

எங்க கல்யாணம் 2022 ஆவணியில. கல்யாண நாளுக்கு வெளிநாடு கூட்டிட்டுப் போறேன்னு தங்கமணிக்கு முதல் வருஷமே வாக்கு குடுத்தாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லி ரெண்டு வருஷம் தப்பிச்சேன். 2025-ல அந்தப் பருப்பு வேகல. பத்து நாள் நெதர்லாந்து. ஒரு யூரோ கிட்டத்தட்ட நூறு ரூபாய்ங்கறதால தங்கமணிக்குப் பெருக்கல் சுலபமா இருந்துச்சு, எனக்குத்தான் காபி தொண்டையில எறங்கல :-)

கல்யாண நாள் அன்னிக்குப் போக இடம் தேர்ந்தெடுத்தது அடியேன்தான். கிண்டர்டைக். ரோட்டர்டாம்ல இருந்து வாட்டர்பஸ்னு ஒரு படகு, ஆத்து வழியா கொண்டு போய் விடும். 1740 வாக்குல கட்டின காத்தாலைங்க, மொத்தம் 19, வாய்க்கால் ஓரமா நிக்கும். 1997-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க.

தங்கமணி அஞ்சு நிமிஷம் பாத்தா. "என்னங்க, ராதாபுரத்துக்காரிய இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்து காத்தாடியா காட்டுதீங்க?"

நியாயமான கேள்விதான். எங்க பக்கம் தெரியாதவங்களுக்காக: தென்மேற்குப் பருவக்காத்து ஆரல்வாய்மொழி கணவாய்ல புகுந்து எங்க தலைமேலதான் வரும். முப்பந்தல், பழவூர், பணகுடி, ராதாபுரம்னு எங்க திரும்பினாலும் காத்தாடி. வைகாசியில ஆரம்பிச்சா கொடியில காயப்போட்ட வேட்டி நிக்காது.

ஆனா கிண்டர்டைக் காத்தாலை கரண்டுக்கு இல்ல. அங்க நிலம் பள்ளம். தேங்குற தண்ணிய இறைச்சு மேட்டு வாய்க்கால்ல ஏத்தி ஆத்துக்கு அனுப்பறதுக்குக் கட்டினது. நாம தண்ணி வரணும்னு வானத்தப் பாப்போம், அவங்க தண்ணி போகணும்னு பாத்திருக்காங்க. இப்ப அந்த வேலைய பம்பு பாத்துக்குது. ஆனாலும் ஆலைகளுக்குள்ள இன்னும் குடும்பம் நடத்துறாங்க.

அவங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. இறக்கைய நிறுத்துற விதத்துலயே சேதி சொல்வாங்க. ஒரு இறக்கை உச்சிக்கு வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி நின்னா விசேஷம். உச்சியக் கொஞ்சம் தாண்டி நின்னா துக்கம். 2014-ல எம்ஹெச்17 விமானத்தைச் சுட்டு வீழ்த்தினப்ப அந்த நாட்டுக் காத்தாலைகள துக்க நிலையில நிறுத்தினாங்க. படிச்சுட்டு வந்த இந்த விஷயத்த பெருமையா தங்கமணிக்கு எடுத்து விட்டேன்.

அவ ஒரு இறக்கையையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டிருந்தா. அப்புறம் சாதாரணமாத்தான் கேட்டா. "எங்க விளையில வச்ச காத்தாடிய நம்ம கல்யாணத்துக்கு எப்படி நிறுத்தியிருப்பாங்க?"

"எந்த விளை?"

"அப்பா வித்த விளைதான். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமா தெரியாது. மூணு ஏக்கர், பதினேழு பனை, அவங்க தாத்தா வெட்டின கிணறு. காத்தாடிக்கு இடம் கேட்டு ஒரு கம்பெனி ஆளுங்க ரெண்டு வருஷமா நடையா நடந்திருக்காங்க. குடுக்க மாட்டேன்னு மாமா ஒத்தக்கால்ல நின்னிருக்கார். எங்க நிச்சயம் முடிஞ்ச மாசம் அவரே தேடிப் போய்க் கையெழுத்துப் போட்டிருக்கார். அறுபது பவுன், மண்டபம், ரெண்டு வேளைச் சாப்பாடு எல்லாம் அதுல வந்ததுதான்.

மக்களே, "நான் வரதட்சணை வாங்காம கட்டினவன்"னு ஆபீஸ்ல எத்தனை தடவை பீத்தியிருக்கேன் தெரியுமா? எங்கம்மா எதுவுமே கேக்கல. "நாங்க எதுவும் கேக்கல, ஒங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யுங்க"ன்னு மட்டும்தான் சொன்னாங்க. பக்கத்துல உக்காந்து காராச்சேவு தின்னுக்கிட்டிருந்தது அடியேன். 1961-லயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தாச்சு. கேட்டாத்தான குத்தம், நாமதான் கேக்கவே இல்லையேன்னு மூணு வருஷம் நிம்மதியா தூங்கியிருக்கேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

கோவமா சொல்லல. அதுதான் தாங்க முடியல.

படகுல திரும்பும்போது மாமாவுக்குப் போன் போட்டேன். மன்னிப்புக் கேக்கணும்னுதான் போட்டேன். வாயில வந்தது, "அங்க காத்து எப்படி மாமா?"

"ஆவணி பொறந்துட்டுல்லா, கொறஞ்சிருக்கு. ஆனாலும் சுத்திக்கிட்டுதான் இருக்கு மாப்ளே"ன்னார். என்ன சுத்துதுன்னு அவரும் சொல்லல, நானும் கேக்கல.

பத்திரம் முடிஞ்ச நிலம் திரும்பி வராது. நகையில பாதி லாக்கர்லதான் தூங்குது, அத வச்சு மாமாவுக்கு வேற இடம் வாங்கலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம். அவர் ஒத்துக்க மாட்டார்ங்கறா தங்கமணி. அடுத்த கல்யாண நாளுக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்னு மட்டும் முடிவு பண்ணியாச்சு. அந்தக் காத்தாடிக்கு அடியில போய் நிக்கணும். பனை மிச்சம் இருக்கான்னு எண்ணிப் பாக்கணும்.

கல்யாணமாகாத தம்பிமாருக்கு ஒண்ணு. பொண்ணு பாக்கப் போற இடத்துல "நாங்க எதுவும் கேக்கல"ன்னு பெரியவங்க ஆரம்பிச்சா, காராச்சேவு தட்டக் கீழ வச்சுட்டு நீங்க கேளுங்க. "எதை வித்து செய்யப் போறீங்க மாமா?"ன்னு.