செவிலிக்கு எதற்கு டாக்டர் பட்டம்?

நர்ஸ் வேலைக்கு டாக்டர் பட்டம் எதற்கு என்று என்னைக் கேளாதவர் எங்கள் குடும்பத்தில் எவருமில்லை. "டாக்டருக்குப் படிக்கும் ஆசை இருந்தால் அப்போதே படித்திருக்கலாமே, மகளே" என்று உம்மா தொலைபேசியில் வருந்துகிறார். பெரிய மாமாவோ, "படித்து முடித்த பின்னும் நீ நர்ஸ்தானே?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். நாற்பதைக் கடந்து, இரு பிள்ளைகளுக்குத் தாயாகி, டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் ஏற்கெனவே குடும்ப நர்ஸ் பிராக்டிஷனராகப் பணிபுரியும் ஒருத்தி மீண்டும் மாணவியாவதேன்? கேள்வி நியாயமானதே.

முதலில் இந்தப் பதவி இன்னதெனச் சொல்லிவிடுகிறேன். நோயாளியைப் பரிசோதிப்பது, நோயைத் தீர்மானிப்பது, மருந்து எழுதித் தருவது ஆகியவை இதில் அடங்கும். 1965ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக் கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும், ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து இதற்கான முதல் பயிற்சியைத் தொடங்கினர். பிறந்த குழந்தை முதல் முதியோர் வரை ஒரு வீட்டார் அனைவரையும் கவனிக்கும் குடும்பப் பிரிவு பின்னர் வந்தது. ஆயினும் அதன் வேர் இன்னும் பழையது என்பது என் எண்ணம். 1925இல் மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார் கென்டக்கி மலைப்பகுதியில் ஒரு சேவை அமைப்பை நிறுவினார். அதன் செவிலியர் குதிரையேறி, ஓடைகளைக் கடந்து, வீடு வீடாகச் சென்றனர். பிரசவம் பார்க்கப் போன வீட்டில் கிழவரின் இருமலைக் கேட்டும் கேளாதவர் போல் திரும்ப இயலுமா?

இனி, பட்டத்தின் கதை. நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு முதுநிலைப் பட்டமே போதும். 2015ஆம் ஆண்டுக்குள் இக்கல்வியை டாக்டர் பட்ட நிலைக்கு உயர்த்த வேண்டுமென்று அமெரிக்க நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2004இல் தீர்மானித்தது. அந்த ஆண்டும் வந்து போயிற்று, தீர்மானம் சட்டமாகவில்லை. நாட்டின் சரிபாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் சுயேச்சையாகத் தொழில் செய்யலாம். டெக்ஸாஸில் அப்படியன்று. மருந்து எழுத வேண்டுமாயின் ஒரு டாக்டருடன் எழுத்து மூலம் உடன்பாடு வேண்டும். என் பெயருக்கு முன்னால் என்ன பட்டம் வந்தாலும் இந்த நிலையில் மாற்றமில்லை. ஊதியம் பெரிதாக உயரும் என்ற உறுதியுமில்லை. கல்லூரிக் கட்டணத்தைக் கேட்ட என் கணவர், அத்தொகைக்கு ஊரில் ஒரு மனை வாங்கலாமெனக் கணக்கிட்டுக் காட்டினார்; காட்டிவிட்டுக் கட்டணத்தையும் செலுத்தினார்.

அப்படியிருந்தும் நான் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு பாதி மாத்திரை.

எங்கள் மருத்துவ நிலையத்துக்கு முதிய அம்மையார் ஒருவர் வருவார். இரத்தக் கொதிப்பு குறையவே இல்லை. மருந்தின் அளவைக் கூட்டினோம், வேறு மருந்தும் சேர்த்தோம், பயனில்லை. மருந்தை ஒழுங்காக உட்கொள்வதில்லை போலும் என்று அவருடைய குறிப்பேட்டில் எவரோ எழுதியும் வைத்திருந்தனர். ஒரு நாள் அவருடன் வந்த மருமகளிடம், வீட்டில் வேறு யாருக்கேனும் இந்நோய் உண்டோ என வினவினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மகனுக்கும் அதே நோய். அவருக்கு இன்ஷூரன்ஸ் இல்லை. ஒவ்வொரு மாத்திரையையும் சமையலறைக் கத்தியால் இரண்டாக வெட்டித் தாயும் மகனும் பகிர்ந்துகொண்டிருக்கின்றனர்! அமெரிக்காவிலேயே இன்ஷூரன்ஸ் இல்லாதோர் விகிதம் மிகுந்த மாநிலம் டெக்ஸாஸ். இவ்வாறு பாதி மாத்திரையில் வாழும் வீடுகள் இன்னும் எத்தனையோ!

அந்தத் தாய்க்கும் மகனுக்கும் வழி செய்ய என் பழைய படிப்பே போதுமாயிருந்தது. மகனை எங்கள் நிலையத்திலேயே பதிந்து, குறைந்த விலை மருந்துக்கு ஏற்பாடு செய்தேன். ஆனால் அந்தக் கேள்வியை நான் கேட்டது தற்செயலன்றோ? நான் விடுமுறையிலிருக்கும் நாளில் வருபவரை யார் கேட்பார்? ஒருத்தியின் நினைவை ஒரு நிலையத்தின் வழக்கமாக மாற்றுவது எப்படி என்பதற்குத் தனிக் கல்வி வேண்டியிருக்கிறது. பி.எச்டி. ஆய்வாளர் புதிய அறிவைத் தேடுகிறார். இந்த டி.என்.பி. பட்டமோ, கண்டறிந்த அறிவு நோயாளியின் கைக்கு வந்து சேராமல் எங்கே தடைப்படுகிறதென்று தேடுவது. முன்பு செய்த பயிற்சியையும் சேர்த்து 1000 மணி நேரச் செயல்முறையும், ஒரு திட்டப் பணியும் இதற்கு உண்டு. பிள்ளைகள் உறங்கிய பின் பத்து மணிக்கு மேல்தான் எனக்குக் கல்லூரி.

பாதி மாத்திரைக் கதையைக் கேட்ட உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உன் வாப்பாவின் சீட்டைக் காட்டித்தானே சாச்சாவும் மருந்து வாங்கிக்கொண்டிருந்தார்?" என்றார். அதன் பின் டாக்டர் படிப்பைப் பற்றி அவர் கேட்பதில்லை. அந்த மகன் எப்படியிருக்கிறான் என்றுதான் கேட்கிறார்.

'டாக்டர்' என்று அழைத்துக்கொள்வது பற்றியும் இங்கே வழக்குண்டு. மருத்துவமனையில் அப்பட்டத்தைச் சொல்லிக்கொள்ளும் செவிலியர், தாம் மருத்துவர் அல்லர் என்பதையும் தெளிவுபடுத்த வேண்டுமென ஜார்ஜியா மாநிலம் 2023இல் சட்டமியற்றியது. எனக்கு அதில் வருத்தமில்லை. காய்ச்சலோடு வருபவருக்கு எதிரில் நிற்பவர் யாரென்று தெரியத்தானே வேண்டும்?

என் கவலை இப்போது வேறு. மருந்தைப் பிறருக்குக் கொடுக்கிறீர்களா என்று கேட்டால் அது போலீஸ் விசாரணை போலிருக்கும். ஒருவரும் உண்மை சொல்லார். 'உங்கள் வீட்டில் இதே மருந்து தேவைப்படுபவர் வேறு யார்?' என்று படிவத்தில் எழுதியிருக்கிறேன். ஸ்பானிய மொழியில் அதை எப்படிக் கேட்டால் கூச்சம் தராதென்று, வரவேற்பு மேசையிலுள்ள பெண்ணுடன் வாரந்தோறும் விவாதம் நடக்கிறது. சென்ற வாரம் மூன்றாவது முறையாக அவள் அடித்துத் திருத்தித் தந்தாள்.