அடம்பன் கொடி

பேராதனைப் பூங்காவைக் கண்டு களிக்கப் பயணம் போகும் அன்பர்கள் பலரை நாம் அறிவோம். வல்வெட்டித்துறையின் செடிகொடிகளைக் காண அத்துணைச் சிரமம் வேண்டாம். காலையில் கடற்கரை மணலில் இறங்கினாற் போதும்.

ஆட்டுக் குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவுமாய்ப் படர்ந்து கிடப்பது அடம்பன். அருகே கூர்கூராய் நிற்பது இராவணன் மீசை. காற்றில் உருண்டோடும் அதன் முட்பந்துகளைத் துரத்தாத பிள்ளைப் பருவம் எமக்கில்லை. மேற்கே தொண்டைமானாற்றுக்கு நடந்தால் உவர்நீரோரத்தில் கண்ணா மரங்களைக் காணலாம். வழியில் வேலிப் பூவரசையும் பாருங்கள். காலையில் மஞ்சளாய் விரிந்த பூ மாலைக்குள் சிவந்துவிடும். வேம்பையோ சொல்லவே வேண்டாம். 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்த எம்மூர்ப் பாய்க்கப்பல் அன்னபூரணி வேப்பமரத்தாற் கட்டியதன்றோ!

சென்ற மாரியில், கரையைத் துப்புரவு செய்யப் போன எமது பேரன் குப்பையோடு அடம்பனையும் வேரோடு இழுத்து வந்தான்.

"களைதானே, அப்பப்பா?" என்றான்.

கணுவுக்குக் கணு வேரூன்றி மணலைக் கட்டிவைத்திருப்பது அக்கொடியே என்றோம். சற்றுக் கடிந்தும் விட்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் விடியலில் பார்த்தால், அறுந்த தண்டுகளை ஈரமணலிற் புதைத்துக்கொண்டிருந்தான்.

அவற்றுள் மூன்று துளிர்த்திருக்கின்றன.