சாந்தி அக்காவின் வெள்ளி

புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளில் நான் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், எந்த பி.டி. டீச்சர் பேச ஆரம்பித்தாலும் ஓட்ட வீராங்கனை கத்தக்குறிச்சி சாந்தியின் பெயர் வந்துவிடும். செங்கல் சூளையில் கூலி வேலை பார்த்த தாய் தகப்பன். வீட்டில் ஐந்து பிள்ளைகள். ஒடுக்கப்பட்ட சாதி. வயிற்றுக்கே போதாத வீட்டில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தவர் அவருடைய தாத்தா. பதின்மூன்று வயதில் முதல் ஷூ வாங்கித் தந்தவரும் அவர்தான். "அந்தப் புள்ளைக்கு என்ன இருந்துச்சு? உனக்கு என்ன கொறச்சல்?" என்று எங்களை விரட்டுவார்கள். அவரோடு நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை. ஆனாலும் எங்களுக்கெல்லாம் அவர் சாந்தி அக்கா.

அவரைப் போல நானும் எண்ணூறு மீட்டர்தான் ஓடினேன். இரண்டு சுற்று. வேகமாகத் தொடங்கினால் அறுநூறில் கால் கல்லாகிவிடும். மெதுவாகத் தொடங்கினால் முன்னால் போனவளைப் பிடிக்க முடியாது. அதனால் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் சாந்தி அக்கா 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வாங்கியபோது அந்த நேரத்தின் அருமை எங்களுக்குப் புரிந்தது. கஜகஸ்தான் வீராங்கனையை விட 0.03 விநாடிதான் முன்னால். வீடியோவைத் திரும்ப ஓட்டிப் பார்த்துத்தான் யாருக்கு வெள்ளி என்று முடிவு செய்தார்கள். மறுநாள் காலை நாங்கள் மைதானத்தில் ஓடிய ஓட்டத்தை டீச்சர் நிறுத்தவே இல்லை. நாங்களும் நிறுத்தச் சொல்லிக் கேட்கவில்லை.

சில நாட்களில் எல்லாம் தலைகீழானது. பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்று தொலைக்காட்சியில் ஓடியது. பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்கும் அவளுடைய மருத்துவருக்கும் நடுவில் இருக்கவேண்டிய விஷயத்தை டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் அலசினார்கள். எல்லா வீராங்கனைகளுக்கும் கட்டாயமாகச் செய்துவந்த சோதனையைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-லேயே கைவிட்டிருந்தது. சந்தேகம் வந்தால் மட்டும் சோதிக்கலாம் என்ற வழி அடைபடாமல் இருந்தது. சந்தேகம் எங்கிருந்து வருகிறது? யாரோ ஒருவர் ஒரு பெண்ணின் தோளையும் மார்பையும் முகத்தையும் பார்த்து, இவள் பெண் போல இல்லை என்று நினைப்பதிலிருந்து வருகிறது.

அந்தப் பார்வை தோஹாவோடு நிற்கவில்லை. எங்கள் ஊருக்கும் வந்தது. "போதும் ஓடுனது. நாளைக்கி ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டா எவன் கட்டுவான்?" என்றார் சித்தப்பா. அப்பா வாய் திறக்கவில்லை. என்னோடு ஓடிய இரண்டு பேர் அந்த வருடமே மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். இருவரும் என்னை விட நன்றாக ஓடியவர்கள்.

அடுத்த வருடம் ஒரு போட்டியில் எண்ணூறில் முதலாவதாக வந்தேன். கிராப் வெட்டிய தலை, ஒல்லி உடம்பு, கருத்த முகம். புகார் வந்திருக்கிறது, சும்மா ஒருதடவை பார்த்துவிடுகிறோம் என்று சொல்லி நடத்துபவர்களில் இரண்டு பெண்கள் என்னை ஒரு அறைக்குள் கூப்பிட்டார்கள். எனக்குக் கை நடுங்கியது. எங்கள் டீச்சர் வந்து வாசலை மறித்து நின்றார். "என் புள்ளை ஓடி ஜெயிச்சிருக்கா. நேரம் உங்க கையிலதான் இருக்கு. அதைப் பாருங்க. வேற எதையும் பாக்க விடமாட்டேன்." சான்றிதழ் தராமல் மாலை வரை உட்கார வைத்தார்கள். டீச்சரும் அசையவில்லை. கடைசியில் கொடுத்தார்கள். வீட்டில் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு என் ஓட்டம் முடிந்திருக்கும்.

எனக்கு வாசலில் நிற்க ஒருவர் இருந்தார். தோஹாவில் சாந்தி அக்காவுக்கு யாரும் இல்லை. எனக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

பெண்கள் பிரிவு நியாயமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதாக வந்தவளும் அதே வலியோடுதான் ஓடியிருக்கிறாள். ஆனால் விதி எதுவாக இருந்தாலும், அதை ஒரு மனுஷியை ஊர்நடுவில் நிறுத்தித்தான் நிறைவேற்ற வேண்டுமா? ஸ்பெயின் வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பாட்டினோவுக்கு 1985-ல் இதே கதி வந்தது. அவர் போராடி 1988-ல் மீண்டும் ஓடும் உரிமையைப் பெற்றார். ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் 2014-ல் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையம் அவர் பக்கம் நின்றது. 2015-ல் விளையாட்டுக்கான சர்வதேச நடுவர் மன்றம் அவரை நீக்கக் காரணமான விதியையே நிறுத்திவைத்தது. நாடு கூட நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

சாந்தி அக்காவுக்கு அன்றைய முதல்வர் கருணாநிதி, செய்தி வெளியான பிறகும், 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தார். அதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆனால் ஓடும் பாதை அடைபட்டது அடைபட்டதுதான். சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியதை அவரே பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். திரும்பியவர் என்ன செய்தார் என்பதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. தன்னை வெளியே தள்ளிய அதே மைதானத்துக்குப் போய், புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் பயின்ற பிள்ளைகள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். வேலை நிரந்தரமில்லை, சம்பளம் சொற்பம். 2012-ல் அவர் தினம் 200 ரூபாய்க்குச் செங்கல் சூளையில் வேலை செய்வதைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகமாக வந்தது. பிறகு பெங்களூருவில் பயிற்சியாளர் படிப்பை முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் ஆனார். பத்து வருடம்! அத்தனை காலமும் விளையாட்டின் மீது அவர் வெறுப்பை வளர்த்துக்கொள்ளவில்லை. சமத்துவத்தை அவர் மேடையில் பேசி எனக்குக் கற்றுத்தரவில்லை. தனக்குக் கிடைக்காத இடத்தை அடுத்தவள் பெறும்படி அதிகாலையில் மைதானத்துக்குப் போய்க் காட்டினார்.

நான் இப்போது ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. 2025 செப்டம்பர் 1 முதல் உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் ஓட வாழ்நாளில் ஒருமுறை மரபணுச் சோதனை கட்டாயம் என்று உலகத் தடகள அமைப்பு விதி கொண்டுவந்திருக்கிறது. "டீச்சர், எனக்கும் டெஸ்ட் எடுப்பாங்களா?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. இப்போது இல்லை, நீ ஓடு என்றேன். ஆனால் அவள் அந்த உயரத்துக்குப் போகும் நாளில் என்ன சொல்வது?

தோஹா வெள்ளி சாந்தி அக்காவுக்கு இன்னும் திருப்பித் தரப்படவில்லை. அதைக் கேட்க வேண்டியது அரசும் தடகளச் சங்கங்களும். நம் கையில் இருப்பது வேறு. சக ஆசிரியர்களே, உங்கள் மாணவியின் உடம்பைப் பற்றி யாராவது புகார் சொன்னால் அவளைத் தனியாக எந்த அறைக்கும் அனுப்பாதீர்கள். கூடப் போங்கள், புகாரை எழுத்தில் கேளுங்கள், பெற்றோர் இல்லாமல் எதற்கும் சம்மதிக்காதீர்கள். மருத்துவ முடிவு எதுவாக இருந்தாலும் அவளுக்குத் தெரியும் முன் வேறு ஒருவருக்கும் தெரியக் கூடாது.