வேண்டாததை எடுத்துடுங்க

2005-ல் நங்கநல்லூரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயதில் லினக்ஸ் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டார். ‘வைரஸ் வராதாமே?’ என்றார். ‘அபூர்வம்’ என்றேன். அது போதும் அவருக்கு. விண்டோஸுக்குப் பக்கத்திலேயே ஃபெடோராவுக்கும் இடம் ஒதுக்கிப் போட்டுக் கொடுத்தேன்.

முதல் சிக்கல் மோடம். பெட்டிக்குள் இருந்தது ‘வின்மோடம்’ வகை. அதாவது பாதி மோடம். மீதி வேலையை விண்டோஸில் இருக்கும் மென்பொருள்தான் செய்யும். லினக்ஸில் அந்த மென்பொருள் கிடையாது. கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. என் வீட்டுப் பரணிலிருந்து பழைய சீரியல் மோடத்தை இறக்கி மாட்டினேன். விண்டோஸில் காம்1 என்பது லினக்ஸில் டிடிஒய்எஸ்0. ‘இவங்க பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவாங்களா? பேங்க்ல இப்படி எண்ணியிருந்தா சஸ்பென்ஷன்தான்’ என்றார்.

அப்புறமும் ‘டயல் டோன் இல்லை’ என்று அடம். போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் கணீரென்று கேட்கிறது. நம்மூர் டோன் சில மோடம்களுக்குப் புரியாது. ‘ஏடிஎக்ஸ்3’ என்று ஒரு கட்டளை சேர்த்தால், டோனுக்குக் காத்திராமல் சுழற்றிவிடும். சேர்த்தேன். கிர்ர்ர் என்று கத்திவிட்டு இணைந்தது. மனுஷர் கைதட்டினார்.

அதற்கப்புறம் ராத்திரி ராத்திரியாக அப்டேட் இறக்கினார். ஒவ்வொரு புதுக் கெர்னல் வரும்போதும் பூட் மெனுவில் ஒரு வரி கூடியது. ‘சரவணபவன் மெனு மாதிரி நீளுதே!’ என்று போன் செய்தார். நான் ஆபீஸ் அவசரத்தில், ‘வேண்டாததை எடுத்துடுங்க சார்’ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ராத்திரி எட்டு மணிக்கு வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. ‘விண்டோஸ் போயிடுத்துப்பா.’

நடந்தது இதுதான். அந்த நாள் ஃபெடோரா மெனுவில் விண்டோஸுக்கு விண்டோஸ் என்று பெயர் இருக்காது. ‘அதர்’ என்று இருக்கும். ‘அதர்னா வேண்டாததுதானே?’ என்று கிரப் கோப்பைத் திறந்து அழித்துவிட்டார்.

மெனு கார்டில் பொங்கலை அடித்துவிட்டால் சமையலறையில் பொங்கல் காலியாகிவிடாது என்று சமாதானம் சொன்னேன். அவர் கேட்கும் நிலையில் இல்லை. நாலே நாலு வரி: தலைப்பு, முதல் டிஸ்க்கின் முதல் பகுதி (இங்கேயும் பூஜ்யம்தான்), இன்னும் இரண்டு. தட்டிவிட்டு ரீபூட் செய்தேன். விண்டோஸ் வந்தது.

அவர் நேராக அவுட்லுக் எக்ஸ்பிரஸைத் திறந்தார். ‘சென்ட் ஐட்டம்ஸ்’ போனார். அமெரிக்காவில் இருக்கும் மகளுக்கு அவர் மனைவி ஒற்றை விரலால் தட்டித் தட்டி அனுப்பிய கடிதங்கள். அந்த அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ‘இது வேற எங்கேயும் இல்லப்பா’ என்றார்.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவர் மெனுவை மட்டும் அழித்ததால் பிழைத்தோம். இடம் பற்றாமல் அந்தப் பகுதியையே ஃபார்மேட் செய்திருந்தால்? நானே எத்தனையோ பேருக்கு அப்படிச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கே எல்லாவற்றையும் இரண்டு சிடியில் எழுதிக் கொடுத்தேன். பழைய கெர்னல்களை முறைப்படி ஆர்பிஎம் மூலம் நீக்கினோம். ஓடுகிற கெர்னல் ஒன்று, தகராறு என்றால் திரும்பிப் போக அதற்கு முந்தையது ஒன்று. இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

இன்று மோடத்தின் கிர்ர்ர் ஓய்ந்துவிட்டது. பழைய கெர்னல்களை ஃபெடோரா தானே கழித்துவிடுகிறது. ஆனாலும் யாராவது கம்ப்யூட்டரோடு உதவி என்று வந்தால், கீபோர்டைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்கிறேன்: ‘இதுல போனா திரும்பக் கிடைக்காதது என்ன இருக்கு?’

பெரும்பாலும் ‘ஒண்ணுமில்லை’ என்பார்கள். கொஞ்சம் காத்திருந்தால், ‘ஒரு நிமிஷம்...’ என்பார்கள்.