பார்த்த கூலி

உங்கள் வீட்டில் டீசல் வண்டி இருக்கிறதா? இல்லாவிட்டாலும் படியுங்கள். காலையில் நீங்கள் வாங்குகிற தக்காளியும் மல்லிகைப்பூவும் தண்ணீர் கேனும், யாரோ ஒருவர் விடிவதற்கு முன்னால் சாவியைத் திருப்ப, வண்டி மறுபேச்சில்லாமல் கிளம்பியதால்தான் உங்கள் தெருவுக்கு வந்திருக்கின்றன. கிளம்பாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்த வாரக் கதை.

ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நம் பட்டறைகளில் 'செல்ஃப்' என்று பெயர். ஒரு காலத்தில் காருக்கு முன்னால் ஓர் ஆள் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றணும். கொஞ்சம் அசந்தால் கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்துவிடும். அந்த வேலையைத் தானே செய்துகொள்கிற மின்மோட்டாரை அமெரிக்காவில் கேடிலாக் கார்களில் 1912-ல் பொருத்தினார்கள். அதே 1912-ல்தான் டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். பிற்பாடு 1961-ல் டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸோடு சேர்ந்து லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனியைத் தொடங்கி, செல்ஃப் மோட்டாரையே இங்கே தயாரித்தது.

பெட்ரோல் வண்டியைவிட டீசல் வண்டிக்குச் செல்ஃப் ரொம்ப முக்கியம். டீசலில் பொறி வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் இருக்கும் காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு நசுக்கினால் அது ஐந்நூறு டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் ஜெர்மனியில் 1897-ல் ஓட்டிக் காட்டிய தத்துவம் இதுதான். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் இந்த வகை இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டினார்கள். (நம்ம ஊரில் இன்றைக்கு அப்படி ஓட்டினால் வீடு தாங்காது!) சுற்றுகிற வேகம் குறைந்தால் காற்று சூடாகாது. சூடாகாவிட்டால் இன்ஜின் பிடிக்காது. அதனால்தான் டீசல் மெக்கானிக்குகள் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் காதைத் திறக்கிறார்கள்.

'டிக் டிக் டிக் டிக்' என்று விடாமல் அடிக்கிறதா? பெரும்பாலும் பேட்டரியில் தெம்பில்லை, அல்லது டெர்மினலில் பிடிப்பில்லை. ஒரே ஒரு 'டிக்', அப்புறம் மௌனம் என்றால் சொலினாய்டுக்குள் செம்பு முனை தீய்ந்திருக்கலாம், செல்ஃபின் கார்பன் தேய்ந்திருக்கலாம். 'விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் அசையவில்லையா? பெண்டிக்ஸ் போய் ஃப்ளைவீல் பல்லில் மாட்டவில்லை. இன்ஜின் ஜோராகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் செல்ஃபை விட்டுவிட்டு சைலன்ஸரைப் பாருங்கள். புகையே வராவிட்டால் டீசல் உள்ளே போகவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது ஏர் பிடித்திருக்கும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியச் சூடு போதவில்லை; ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ பார்க்கணும்.

ஆளை ஏமாற்றுகிற சத்தம் ஒன்று உண்டு. இன்ஜின் சுற்றும், ஆனால் மேட்டில் பாரம் இழுக்கிற மாடு மாதிரி முக்கி முக்கிச் சுற்றும்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருத்தர் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பூ ஏற்றி, விடியும் முன் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்குகிறவர். சொந்த வண்டி, கடன் வண்டி. மார்கழி, தையில் பனியால் வரத்து குறைந்து மல்லிகை விலை எங்கேயோ நிற்கும். அந்த நேரத்தில் லோடு தாமதமானால் மொட்டு காத்திருக்காது, விலையும் காத்திருக்காது. அப்படி ஒரு மார்கழியில்தான் வண்டி முக்க ஆரம்பித்தது. ஒரு கடையில் "பேட்டரி போச்சு" என்றார்கள். புதுசு மாற்றினார். பதினைந்தாம் நாள் மறுபடி அதே முக்கல். "இப்ப செல்ஃப் போச்சுன்றாய்ங்கண்ணே. மாத்துனா இந்த மாச டியூ கட்ட முடியாது" என்று வந்து நின்றார்.

ரிங் ரோட்டோரம் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆட்டோ எலெக்ட்ரீஷியன். அழைத்துப் போனேன். அவர் ஸ்பேனரை எடுக்கவில்லை, மீட்டரை எடுத்தார். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, இன்ஜின் பிடித்துவிடாதபடி டீசல் வரத்தை நிறுத்தினார். சும்மா இருக்கும்போது பேட்டரியில் 12.5 வோல்ட். நல்ல பேட்டரி. "இப்ப சாவியத் திருப்பு தம்பி" என்றார். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 11.2. செல்ஃபின் முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே 8.6 மட்டும்.

நான் படித்தது பி.காம். கரன்ட் என்றால் எனக்கு நடப்புக் கணக்குதான். ஆனால் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹெட் ஆபீஸ் அனுப்பியது 11.2, கிளைக்கு வந்து சேர்ந்தது 8.6. நடுவில் 2.6 எங்கே? காலேஜில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் என்று ஒன்று போட வைப்பார்கள், அதேதான் இது. பெரியவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் இன்னொன்றைச் செல்ஃபின் முனையிலும் வைத்தார். சுற்றும்போது 0.2. போகிற வழியில் திருட்டு இல்லை. அடுத்து பேட்டரி மைனஸுக்கும் செல்ஃப் உடம்புக்கும் நடுவே வைத்தார். 2.4! 8.6, 0.2, 2.4 கூட்டிப் பாருங்கள், 11.2. பைசா சுத்தமாக டேலி ஆகிறது.

இன்ஜின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரன்ட் போகாது. அதனால் சேஸிஸுக்கும் இன்ஜினுக்கும் ஒரு எர்த் ஒயரைக் கட்டியிருப்பார்கள். செல்ஃப் குடித்த கரன்ட் முழுக்க அந்த வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பணும். சின்ன டீசல் இன்ஜினைச் சுற்றவே இருநூறு ஆம்பியர் கேட்கலாம். நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தால் போதும், 2 வோல்ட் அங்கேயே காலி. இந்த வண்டியில் அந்த ஒயரின் போல்ட்டுக்கு அடியில் துருவும் உப்பும் பூத்திருந்தன, ஒயரின் பாதி இழை அறுந்திருந்தது. சும்மா இருக்கும்போது மீட்டர் வைத்தால் இது காட்டவே காட்டாது. பாரம் ஏற்றினால்தான் தெரியும்.

உப்புத்தாளால் தேய்த்து, புது ஒயர் போட்டு, சாவியைத் திருப்பச் சொன்னார். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. மொத்தம் இருபது நிமிஷம்.

அறுநூறு ரூபாய் கேட்டார். "ஒயரு நூத்தம்பது ரூவாதானண்ணே?" என்று தம்பி இழுத்தார். பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் வாய் திறக்காமல் கொடுத்த அதே தம்பி! எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர்மேல் இல்லை. நாம் எல்லோருமே அப்படித்தான். சாமானுக்குக் காசு கொடுப்போம், பார்த்ததற்குக் கொடுக்க மாட்டோம். சும்மா பார்த்துச் சொல்பவனுக்குக் கூலி இல்லாத ஊரில், கடைக்காரர் பேட்டரி விற்காமல் என்ன செய்வார்?

"பில்லுல 'பார்த்த கூலி'ன்னே எழுதலாமேய்யா?" என்றேன்.

பெரியவர் சிரித்தார். "எழுதுனேன் சார், ஒரு வருஷம். வந்தவுக பூராப் பேரும் அந்த வரிய அடிச்சிட்டுத்தான் காசு குடுத்தாக." சொல்லிக்கொண்டே பில் புத்தகத்தை எடுத்து, 'எர்த் ஒயர் 1 - ரூ.600' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.