சீருடையைக் கழற்றிய பிறகு

கொழும்பின் ஹெவ்லொக் டவுனுக்குள் எந்தப் பக்கத்தால் நுழைந்தாலும் ஒரு படையாளின் நினைவைக் கடந்துதான் போகவேண்டியிருக்கிறது. அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த ஆர்தர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநராக இருந்தவர்; இளமையில் பிரித்தானியத் தரைப்படையில் பணியாற்றியவர். அவர் பெயரில் இருந்த பூங்கா இப்போது ஹென்றி பெட்ரிஸின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கொழும்பு நகரக் காவற்படையில் கப்டனாக இருந்த பெட்ரிஸ், 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் தேசத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஜூலை 7ஆம் திகதி வெலிக்கடைச் சிறையில் சுட்டுக்கொல்லப்பட்டார். மகனின் நினைவாகத் தந்தை எழுப்பிய இசிபத்தனாராமய விகாரையும் இங்கேதான் இருக்கிறது. சிறிது தூரம் தள்ளி ஜாவத்தை வீதிக்குப் போனால், லிவரமெண்டு மயானத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்க்கிறவருக்கு ஒரு விஷயம் புலப்படும். படையாளை நினைவுகூர நகரங்களுக்குத் தெரிந்த வழி அவனுடைய சாவைப் பதிவுசெய்வதுதான். சாகாமல் திரும்பி வந்து, துப்பாக்கியை வைத்துவிட்டு, நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவரை எப்படி நினைவுகூருவது என்பது எந்த நகரத்துக்கும் சரியாகத் தெரியவில்லை.

இலங்கைத் தமிழருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல. நம்மவர் ஒருவரின் வாழ்க்கையே அதற்கு உதாரணம். ராசம்மா பூபாலன் 1927இல் மலாயாவின் ஈப்போ நகரில், இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தவர். ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்து ஊர்களில் 'மலாயன் பென்சனியர்' என்றால் அறியாதவர் இல்லை. ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை பார்க்கக் கப்பலேறிய அந்தத் தலைமுறையில் சிலர் பென்சனோடு ஊர் திரும்பினார்கள்; பலருடைய பிள்ளைகள் அங்கேயே வேரூன்றினார்கள். அப்படி வேரூன்றிய பிள்ளைகளில் ஒருவரான ராசம்மா, பதினாறு வயதில் அக்கா பொன்னம்மாவுடன் சேர்ந்து, நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களுக்கென அமைத்த ஜான்சி ராணிப் படையணியில் இணைந்தார். பயிற்சி பெற்றுப் பர்மா வரை போனார். போர் முடிந்ததும் படிப்புக்குத் திரும்பிப் பட்டம் பெற்று ஆசிரியையானார். 1960இல் மலாயாவின் பெண் ஆசிரியர் சங்கத்தின் தலைவியாக முன்னே நின்றார். பின்னர் கோலாலம்பூர் மெதடிஸ்ற் பெண்கள் பாடசாலையின் அதிபரானார். அவரை 'நேதாஜியின் படைவீராங்கனை' என்று அறிமுகப்படுத்துவதுதான் வழக்கம். அந்த அறிமுகம் வரிசையைத் தலைகீழாக்குகிறது என்பதே என் கருத்து. அவருடைய பெரிய வேலை படைமுகாமில் அல்ல, பாடசாலையிலேயே நடந்தது. முகாமை நினைவுகூருவதும் அந்த வேலையைப் புரிந்துகொள்வதற்காகவே இருக்கவேண்டும்.

இதற்கான முதற் சான்று சிங்கப்பூரில் கிடைக்கிறது. எஸ்பிளனேட் பூங்காவில், முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான கல்தூண் கம்பீரமாக நிற்கிறது. அதே பூங்காவில் இந்திய தேசிய இராணுவத்துக்கும் ஒரு நினைவுச்சின்னம் இருந்தது. போஸ் 1945 ஜூலையில் அதற்கு அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்று பொருள்படும் மூன்று உருதுச் சொற்களை அது தாங்கியிருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் பிரித்தானியர் திரும்பி வந்ததும், பேராதனையில் தலைமையகம் வைத்துப் போரை நடத்திய மௌண்ட்பேட்டனின் உத்தரவில் அது தகர்க்கப்பட்டது. இன்று அங்கே இருப்பது 1995இல் வைக்கப்பட்ட ஒரு அடையாளப் பலகைதான். கல்லில் பொறித்த நினைவு, அதிகாரம் கைமாறினால் சில வாரங்களில் மண்ணாகிவிடும் என்பதை அந்த இடம் ஐயத்துக்கு இடமில்லாமல் காட்டுகிறது. வகுப்பறையில் விதைத்ததை அப்படி உத்தரவு போட்டு இடித்துவிட முடியாது.

இரண்டாவது சான்று கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ். வெள்ளவத்தையில் வளர்ந்தவருக்கு அந்தப் பகுதி பழகிய இடம்போலத்தான் இருக்கும். ரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாக வளர்ந்த இடம் அது. இலங்கைச் சைவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயில் ஸ்கொட் வீதியில் நிற்கிறது. விவேகானந்தா ஆச்சிரமமும் பக்கத்தில்தான். மெதடிஸ்ற் பெண்கள் பாடசாலையும் இந்தச் சூழலில்தான் அமைந்திருக்கிறது. ராசம்மா ஆசிரியையாகத் தொழிலுக்கு வந்த காலத்தில், அதே தகைமையோடு அதே பாடத்தைப் படிப்பித்த ஆணைவிடப் பெண்ணுக்குச் சம்பளம் குறைவு. திருமணம் செய்துகொண்டால் நிரந்தர நியமனமும் போய்விடும். ஆணுக்கு அந்த விதி கிடையாது. ராசம்மா தலைமை தாங்கிய பெண் ஆசிரியர் சங்கம் இந்த இரண்டையும் எதிர்த்து, கூட்டம், மனு, பேச்சுவார்த்தை என்று ஆண்டுக்கணக்காகப் போராடியது. 1969இல் மலேசிய அரசு பொதுச் சேவையில் சம ஊதியத்தை ஏற்றுக்கொண்டது. பிறகு இளம்பெண் ஒருத்தி வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொரு முறையும், அந்த வெற்றியின் பங்கு அவளுடைய சம்பளப் பட்டியலில் இருந்தது.

படைப்பயிற்சி ஒருவரைத் தானாகவே நல்லாசிரியராக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு மாறான சான்று கண்ணெதிரே இருக்கிறது. தத்துவமேதை விட்கென்ஸ்டைன் முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையில் போரிட்டு, இத்தாலியரிடம் கைதியாகி, விடுதலையானதும் 1920இல் கிராமப் பள்ளி ஆசிரியரானார். அர்ப்பணிப்பில் அவருக்குக் குறையில்லை. ஆனாலும் 1926இல் ஒரு பையனை அவர் அடித்த அடியில் பிள்ளை மயங்கி விழுந்தான். அதோடு அவர் வேலையை விட்டார். துணிவும் ஒழுக்கமும் கடும் உழைப்பும் உள்ள ஒருவர்கூட, எதிரே இருப்பது கட்டளைக்குக் காத்திருக்கும் சிப்பாயல்ல, பிள்ளை என்பதை மறந்தால் ஆசிரியராகத் தோற்றுப்போவார். ஆசிரியத்துக்குத் தேவையானதைப் படை முகாம் தருவதில்லை. அங்கிருந்து எதைக் கொண்டுவருவது, எதை விட்டுவருவது என்ற தெரிவை ஒருவர் தாமே செய்யவேண்டும். ராசம்மா நிமிர்ந்து பேசும் துணிவைக் கொண்டுவந்தார். கட்டளையிடும் பழக்கத்தை விட்டுவந்தார் என்றுதான் அவருடைய சங்க வாழ்க்கை எனக்குச் சொல்கிறது. ஒரு சங்கத்தை ஆணையிட்டு நடத்த முடியாது. ஒவ்வொரு உறுப்பினரையும் பேசி இணங்க வைத்தால்தான் அது நிலைக்கும்.

இதற்கு எதிராக வலுவான கேள்விகள் உண்டு. முதலாவது, அந்தப் படை யாருடைய தயவில் நின்றது என்பது. ஜப்பானியர் 415 கிலோமீற்றர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதையைப் போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே ஜப்பானியரின் கூட்டாளியாக நின்ற படையைக் கொண்டாடலாமா? இந்தக் கேள்வியை மழுப்பக்கூடாது. போஸின் அந்தக் கூட்டு மலாயாத் தமிழரின் துயரத்துக்குப் பக்கத்திலேயே நடந்தது என்பது வரலாறு. ஆனால் பதினாறு வயதுப் பெண்பிள்ளையை அந்தக் கூட்டுக்குப் பொறுப்பாளியாக்குவது நியாயமாகாது. அவரை அவருடைய பாடசாலை ஆண்டுகளைக் கொண்டு மதிப்பிடவேண்டும் என்ற என் வாதத்தை இந்தக் கேள்வி இன்னும் உறுதிப்படுத்துகிறது. படையைக் கொண்டாடினால் ரயில்பாதையையும் விளக்கியாகவேண்டும். ஆசிரியையை மதிக்க அந்தச் சங்கடம் தேவையில்லை.

இரண்டாவது கேள்வி நம் நாட்டிலிருந்தே எழுகிறது. 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வடக்கில் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் சம்பளத்தில் முன்பள்ளி ஆசிரியைகள் அமர்த்தப்பட்டார்கள். பாடசாலை அதிபர்களை ரந்தம்பைக்கு அழைத்து இராணுவப் பயிற்சியும் பதவிநிலையும் கொடுத்தார்கள். பல்கலைக்கழகம் புகும் மாணவருக்கு முகாம்களில் தலைமைத்துவப் பயிற்சி நடந்தது. இவற்றைப் பார்த்த தமிழர், படையும் பாடசாலையும் கைகோப்பதை யார் புகழ்ந்தாலும் சந்தேகிப்பார்கள். அந்தச் சந்தேகம் முற்றிலும் நியாயமானது. ஆயினும் அதுவும் ராசம்மாவின் கதையும் ஒன்றல்ல. அங்கே சீருடையே வகுப்பறைக்குள் வந்தது. இங்கே சீருடையைக் கழற்றிவிட்டு ஒருவர் வந்தார். முன்னாள் படையாள் ஆசிரியராவது சமூகம் ஆறுவதற்கு ஒரு வழி. ஆசிரியரைப் படையாளாக்குவது அதற்கு நேர் எதிரானது. ராசம்மாவின் கதையை வைத்து அதை நியாயப்படுத்த எவரும் முயன்றால், அதே கதையை எடுத்துக் காட்டி மறுக்கலாம்.

அப்படியானால் படை வாழ்க்கையைச் சொல்லாமலே விட்டுவிடலாமே என்று கேட்கலாம். ஜான்சி ராணிப் படையணி முன்னரங்கில் போரிட அனுப்பப்படவும் இல்லை என்று கூடுதலாக வாதிடுவோரும் உண்டு. விடக்கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1943இல் அந்த அணிக்கு வந்தவர்களில் படித்த குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். இறப்பர்த் தோட்டத்துக் கூலிக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். ஒரே முகாமில் ஒரே உணவு, ஒரே பயிற்சி. அன்றைய தமிழ்ச் சமூகத்தில் இந்த இரு தரப்பாரும் ஒரே வரிசையில் நிற்க வேறு இடம் இருக்கவில்லை. பின்னாளில் ராசம்மா இளம்பெண் கிறிஸ்தவர் சங்கத்தின் வழியாக வசதியற்ற பெண்பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி கொடுப்பதில் ஈடுபட்டதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். வேர் எங்கே என்று அறியாமல் மரத்தைப் புரிந்துகொள்ள முடியாது. அதற்காக வேரையே மரமென்று காட்டுவதும் தவறு.

கொழும்பில், குறிப்பாக ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும், மலாயாத் தொடர்புள்ள குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அவர்களுடைய அலுமாரிகளில் பழைய கடிதங்களும் படங்களும் இருக்கும். அவர்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். எந்தப் படையிலிருந்து வந்தவரானாலும், ஆயுதத்தை விட்டுப் படிப்பிக்க வந்த ஆசிரியர் உங்கள் பாடசாலையில் இருந்திருந்தால், அவரிடம் படித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். எங்கே போரிட்டார் என்பதை ஒரு பத்தியில் எழுதுங்கள். என்ன படிப்பித்தார், யாரை உருவாக்கினார், யாருக்காக வாதாடினார் என்பதற்கு மீதிப் பக்கங்களை ஒதுக்குங்கள்.