தேதி கிடைத்துவிட்டது, இன்னும் ஏழு நாள்



மூன்று மாதமாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. "டீச்சர், உடம்புக்கு என்ன?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு மூன்று பேர் வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனீர்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். பொறுமையாகப் படியுங்கள்.

எனக்கு வந்திருப்பது மனப்பதற்றம். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். நெஞ்சு படபடவென்று அடிக்கும். உள்ளங்கை வியர்த்து, விரல் நுனி மரத்துப்போகும். மூச்சு பாதியிலேயே நின்ற மாதிரி இருக்கும். இப்போதே ஏதோ நடக்கப்போகிறது என்று தோன்றும். என்ன நடக்கப்போகிறது என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. விடிந்து பால்காரர் சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

இசிஜி, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் அறிக்கைகளை மூடி வைத்துவிட்டு, "இருதயம் நல்லா இருக்கு டீச்சர். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்க" என்றார். விருதுநகரா மதுரையா என்று வீட்டில் பேசினோம். கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து உடன் இருக்க வசதி என்பதால் மதுரை என்று முடிவாயிற்று. அவள்தான் போன் போட்டுக் கேட்டாள். 24 நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள். இன்று பதினேழாம் நாள். இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

குணமான பிறகு எழுதலாமே என்று நினைக்கலாம். குணமானவர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. தேதி வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாட்களை எப்படிக் கடப்பது என்பதை, கடந்துகொண்டிருக்கும்போதே சொன்னால் யாருக்காவது உதவும் என்று பட்டது.

முதலில், இது என்ன என்று மருத்துவர் எனக்குப் புரியும்படி சொன்னதை எழுதுகிறேன். ஆபத்து என்று மூளை நினைத்தவுடன் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு வேகமாகிறது. தப்பி ஓட உடம்பு தயாராகிறது. உண்மையான ஆபத்து வரும்போது இது நம்மைக் காப்பாற்றும். ஆபத்து எதுவும் இல்லாதபோதும் இப்படி அடிக்கடி நடந்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். யாரும் அடிக்காமலே பள்ளிக்கூட மணி அடித்துக்கொண்டிருப்பது போல என்று நான் வைத்துக்கொண்டேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது கஷ்டமே இல்லை. பகலில் தூரத்தில் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டால் விஸ்வநத்தத்தில் எத்தனை பேர் வாசலுக்கு வருகிறோம்! எந்தத் திசையில் புகை, யார் வீட்டுப் பிள்ளை எந்த ஆலைக்குப் போயிருக்கிறது, போனை எடுக்கிறார்களா என்று பதறுகிறோம். கல்யாண வீட்டு வெடிதான் என்று தெரிந்த பிறகும் கை நடுக்கம் அடங்க நேரமாகிறது. 2012 செப்டம்பர் 5 உங்களுக்கு நினைவிருக்கும். முதலிப்பட்டி விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்த நாள். அன்று ஆசிரியர் தினம். ஒவ்வொரு வருடமும் நீங்கள் வாழ்த்து அனுப்பும்போது எனக்கு அந்தப் புகையும் சேர்ந்தே நினைவுக்கு வரும். என் பதற்றத்துக்கு இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. காரணத்தை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். ஆனால் பயத்தோடு வாழப் பழகிவிட்ட ஊர் நம்முடையது. பழகிவிட்டதால், அதற்கு மருத்துவம் உண்டு என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

ஏன் 24 நாள் என்று மகளுக்குக் கோபம் வந்தது. எனக்கு வரவில்லை. நம் நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அதில் கண்டார்கள். மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறு உள்ளவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையே பெறவில்லை. நான் 24 நாள் காத்திருக்கிறேன். அந்த 85 பேருக்குத் தேதியே கிடையாது. அவர்களில் நம் தெருக்காரர்களும் இருப்பார்கள், என்னிடம் படித்தவர்களும் இருப்பார்கள்.

சரி, இந்தப் பதினேழு நாளும் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டிருக்கிறேன். வருகைப் பதிவேடு மாதிரி தினமும் எழுதுகிறேன். எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன், நான் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பெயர் எல்லாம் அதில் இருக்கிறது. மருத்துவர் முன்னால் உட்கார்ந்தால் பாதி மறந்துபோகும். நோட்டு மறக்காது. எழுதத் தொடங்கிய பிறகு இன்னொன்றும் தெரிந்தது. எனக்கு வந்த ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கியிருக்கிறது. இறங்காமல் இருந்தது ஒரு தடவைகூட இல்லை. அதை என் கையெழுத்திலேயே பார்ப்பது பெரிய தைரியம்.

வரும்போது மூச்சை நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுகிறேன். மூச்சை விடும் நேரம் நீளமாக இருந்தால் இதயத் துடிப்பு தணியும். அதோடு பதினேழாம் வாய்ப்பாட்டை மனதுக்குள் சொல்வேன். பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது வருவதற்குள் பெரும்பாலும் கொஞ்சம் தணிந்துவிடும். உங்களைப் பெஞ்சில் ஏற்றி நிறுத்தி வாய்ப்பாடு கேட்டதற்கு இப்போது நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சிரிக்காதீர்கள்!

மூன்று வேளை காப்பி ஒருவேளை ஆகிவிட்டது. காப்பியும் படபடப்பைக் கூட்டும். மதியத் தூக்கத்தை நிறுத்திவிட்டேன். வெயில் தாழ அரைமணி நேரம் நடக்கிறேன். வாட்ஸ்அப்பில் வரும் விபத்து வீடியோக்களைத் திறப்பதில்லை. தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.

பட்டாசு வேலை பார்க்கும் பிள்ளைகளுக்குத் தெரியும், கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும். மிச்சத்தை வைத்துப் பூட்டிவிட்டுப் போனால் இரவில் தானாகச் சூடேறும். பயமும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது. அன்றைய பயத்தை அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுகிறேன். இரவு எட்டு மணிக்கு மகள் கூப்பிடுவாள். அறிவுரை சொல்லக் கூடாது, கேட்டுக்கொண்டால் போதும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டம்மா பாசத்தில் தன் தூக்க மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கவில்லை. அடுத்தவர் மாத்திரை வேண்டவே வேண்டாம். சில தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும். அதேபோல, ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

இருக்கன்குடிக்குப் போய்வரச் சொன்னார்கள். போய்வந்தேன். மாரியம்மனைக் கும்பிட்டதில் மனதுக்கு ஆறுதல். ஆனால் கோயிலுக்குப் போனதால் மருத்துவரின் தேதியை ரத்து செய்யவில்லை. மருத்துவம் கிடைக்காமல் நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டிவந்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மாவட்டத்திலேயே பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தார்கள். சாமியும் வேண்டும், மருத்துவரும் வேண்டும்.

இப்போது மிக முக்கியமானது. எல்லோரும் தேதிவரை காத்திருக்கக் கூடாது. வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால், தன்னையோ பிறரையோ காயப்படுத்தத் தோன்றினால், இல்லாத குரல்கள் கேட்டால், பல நாள் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனால், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தனியாகப் போகவிடாமல் யாராவது கூடப் போங்கள். நெஞ்சுவலி முதல் தடவை வந்தால் "பதற்றம்தான்" என்று நீங்களே முடிவு செய்யாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

14416 என்ற எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். ஒன்பதாம் நாள் இரவு நான் கூப்பிட்டேன். ஒரு பெண் நிதானமாகப் பேசினார். அவர் குரலுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தமிழ்நாட்டில் 104க்கும் கூப்பிடலாம். வெளியே செலவழிக்க முடியாதவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. எந்த அரசு மருத்துவமனைக்கு எந்த நாளில் மனநல மருத்துவர் வருகிறார் என்று சீட்டு கொடுக்கும் இடத்தில் கேட்டால் சொல்வார்கள். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

இந்தப் பதிவைப் போடப்போகிறேன் என்றதும் நெருங்கிய சொந்தம் ஒருவர், "மதினி, நம்ம வீட்டுல வரன் பார்க்கிற நேரம். இதெல்லாம் வெளியே சொல்லாதீங்க" என்றார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. அவர் மேல் வருத்தம் இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அத்தை இருக்கிற வீட்டில் பெண் எடுக்க யாரும் யோசிப்பதில்லை. பதற்றத்துக்கு மாத்திரை சாப்பிடும் அத்தை இருந்தால் யோசிப்பார்கள் என்றால், அந்தச் சம்பந்தத்தைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும். சம்பந்தப்பட்ட பெண்ணிடமே கேட்டேன். "போடுங்க அத்தை" என்றாள். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேலை போய்விடுமோ, முதலாளிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை. உங்கள் விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை.

அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறேன். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது. மாத்திரை கொடுத்தால் சாப்பிடுவேன். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கும் காத்திருப்பேன்.

கீழே "சீக்கிரம் குணமாகுங்கள் டீச்சர்" என்று நீங்கள் எழுதுவீர்கள் என்று தெரியும். சந்தோஷம். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் அதிகாலை மூன்று மணிக்கு விழித்து உட்கார்ந்திருப்பவர் யார் என்று பாருங்கள். அம்மாவாக இருக்கலாம், ஆலைக்குப் போய்வரும் தம்பியாக இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து என்ன என்று கேளுங்கள். அவருக்கு ஒரு தேதி வாங்கிக் கொடுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்,
விஸ்வநத்தம்.